எனக்கு முன்னே கிள்ளான் போய்ச் சேர்ந்த வத்தக்குழம்பு

கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கியதும் எனக்கு முதலில் வந்தது சாமி நினைப்பு இல்லை, பொறாமைதான். விமானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த சென்னை அம்மாள் அதற்குக் காரணம். அவரும் அவர் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இந்த ஊரில் பத்து வருஷ விசா எடுத்து, அடுக்குமாடியில் ஒரு வீடும் வாங்கிப் போட்டிருக்கிறார்களாம்.

“எங்களுக்கு ஆத்துலயே தனியா இருந்துக்கலாம்னு அனுமதி வந்துடுத்து. உங்களுக்கு?” என்று கேட்டார்.

“ஹோட்டல்லங்க. அங்கதான் அடைச்சு வைப்பாங்களாம்.”

“அச்சச்சோ, கொள்ளைச் செலவாச்சே! உங்க வீட்டுக்காரர் கம்பெனில குடுத்துடுவாளோ?”

“இல்லங்க. அவர் கைக்காசுதான்.”

மறுபடியும் ஒரு அச்சச்சோ. அந்த இரண்டாவது அச்சச்சோவை என்னால் பொறுக்க முடியவில்லை. முகக்கவசம் போட்டிருந்ததால் நான் உதட்டைச் சுழித்தது அவருக்குத் தெரிந்திருக்காது. கொரோனாவால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

நான் சாத்தூர்க்காரி. எட்டாவது வரைக்கும் படித்தவள். எங்கள் வீட்டுக்காரர் கிள்ளானில், ரப்பர் கையுறை செய்யும் ஓர் ஆலையில் மெஷின் பார்க்கிற வேலையில் இருக்கிறார். எங்கள் பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் போனவர். பையன் இப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டு விடுதியில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை அவர் பங்குனிப் பொங்கலுக்கு வருவார். கொரோனா வந்ததும் அதுவும் நின்றது. இரண்டு பங்குனி அவரில்லாமல் போயிற்று.

உலகமே முடங்கிக் கிடந்தபோது கையுறை ஆலை மட்டும் ராத்திரி பகலாக ஓடியது. அவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சம்பளம் கூடியதால், இந்த ஊரில் வேலை பார்க்க அவருக்குக் கொடுத்திருந்த பாஸும் மாறியது. புது பாஸில் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். எல்லை பூட்டிக்கிடந்த அந்த நேரத்திலும் எனக்கு அனுமதி கிடைத்தது அந்த பாஸின் தயவால்தான்.

ஆனால் நான் தங்குவதற்காகக் கிளம்பவில்லை. தை மாதம் பழனிக்கு நடப்பதாக வேண்டுதல் இருந்தது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள என் ஓர்ப்படி ஒத்துக்கொண்டதும் தை வரைக்கும்தான். “உங்களைக் கண்ணால பாத்துட்டு வந்துருவேன்” என்று போனில் சொல்லியிருந்தேன். “வந்து பாரு மாரி. பிடிச்சா இரு. உன்னை வச்சுக் காப்பாத்தத்தானே இந்தப் பாஸே வாங்கினேன்” என்றார். இருப்பதா, திரும்புவதா என்பதை நான் முருகனிடம் விட்டிருந்தேன். அவன் அதை ஒரு வத்தக்குழம்பு மூலமாகத் தீர்த்துவைப்பான் என்று எனக்கு அப்போது தெரியாது.

விமான நிலையத்தில் உடம்பு முழுக்க வெள்ளை உறை போட்டவர்கள் மூக்குக்குள் குச்சியை விட்டுக் குடைந்தார்கள். கையில் ஒரு ரோஸ் நிறப் பட்டையைக் கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கட்டுவார்களே, அது மாதிரி. பிறகு பஸ்ஸில் ஏற்றினார்கள். எந்த ஹோட்டல் என்று டிரைவருக்குத்தான் தெரியும். சென்னை அம்மாள் ஒரு பெரிய காரில் ஏறிக்கொண்டு கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். வேறென்ன செய்ய?

அறை நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டு முன்னறையை விடப் பெரிய கட்டில். ஜன்னல்தான் திறக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டடம், அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று. நான் கொண்டுபோயிருந்த சின்ன முருகன் படத்தை டிவிக்குக் கீழே வைத்து, நெருப்பு வைக்கக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததால் விளக்கேற்றாமல் கும்பிட்டேன். “உன்னையும் சேத்துத்தான் அடைச்சிட்டாங்க” என்று அவனிடம் சொன்னேன்.

மூன்று வேளையும் கதவுக் கைப்பிடியில் ஒரு பையைத் தொங்கவிட்டுவிட்டு மணி அடிப்பார்கள். திறந்து பார்த்தால் ஆள் இருக்காது. ஊரிலிருந்து கிளம்பும்போதே, கோயிலில் கால் வைக்கும் வரைக்கும் கவுச்சி தொடுவதில்லை என்று விரதம் எடுத்திருந்தேன். போனில் சைவம், சைவம் என்று பல தடவை சொன்னேன். சைவம் என்று எழுதிய பெட்டியே வந்தது. உள்ளே நூடுல்ஸ். அதை முருகனுக்குக் காட்டிவிட்டுக் கிளறினால், அடியில் ஒரு நெத்திலி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு வாழைப்பழமும் வெந்நீரும்தான்.

அவரிடம் போனில் அழுதேன். “காசையும் குடுத்து பட்டினியும் கிடக்கணுமாங்க?”

“அழுவாத மாரி. நாளையிலருந்து நம்ம வீட்டுச் சாப்பாடு வரும். கீழ ரிசப்ஷன்ல குடுத்தா மேல அனுப்புவாங்க. நானே சமைச்சு அனுப்புறேன்.”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஊரில் இருந்தவரை வெந்நீர் கூட வைத்ததில்லை. கொரோனாவில் கடைகளை எல்லாம் மூடிய பிறகு, தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, “மாரி, சாம்பாருக்கு என்ன முதல்ல போடணும்? ரசத்துக்கு எப்ப இறக்கணும்?” என்று கேட்க ஆரம்பித்தார். நான் விளக்கேற்றுவதற்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். புளி எவ்வளவு, மல்லி எவ்வளவு, எந்த வாசம் வந்ததும் அடுப்பைக் குறைக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அந்த இரண்டு வருஷத்தில்தான். தெருவில் எல்லாப் பெண்களிடமும், “எங்க வீட்டுக்காரரு இப்ப வத்தக்குழம்பே வைக்கிறாரு” என்று பெருமை அடித்திருக்கிறேன்.

மறுநாள் மதியம் பை வந்தது. பிரித்ததும் அறை முழுக்க எங்கள் வீட்டு வாசம். வாழை இலையில் மடித்த சோறு, வத்தக்குழம்பு, பீன்ஸ் பொரியல், ஒரு டப்பாவில் மோர். குழம்பைக் கரண்டியால் கிளறியபோது அடியில் ஒரு சின்ன வெங்காயம் தட்டுப்பட்டது. பச்சையாக, நசுக்கியது.

அந்த வெங்காயம் என்னுடையது. குழம்பை இறக்கியதும் ஒரே ஒரு சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு உடனே மூடிவிடுவேன். எங்கள் அம்மா வீட்டிலும் அந்த வழக்கம் இல்லை, மாமியார் வீட்டிலும் இல்லை. நானாகக் கண்டுபிடித்தது. மாமியார் அதற்காகக் கேலி செய்தும் நான் விடவில்லை. அது இந்த ஊரில், இந்தப் பூட்டிய அறைக்குள், என் மனுஷன் கையால் வந்து நிற்கிறது. முருகனுக்குக் காட்டிவிட்டு அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த நாள் பருப்புத் துவையல். அதற்கடுத்த நாள் மிளகு ரசம். எல்லாம் அச்சு அசல் என் கை. ஒரு சின்ன வித்தியாசம் மட்டும். ரசத்தில் நான் கடைசியில் கருப்பட்டி ஒரு துண்டு போடுவேன். இதில் கருப்பட்டி மாதிரி இருந்தாலும் வேறொரு தேங்காய்ப் பூ வாசம் அடித்தது. இங்கே கிடைப்பதைத்தானே போடுவார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாவம் என்கிற சொல்லை அப்புறம் வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஒரு மதியம் அறைப் போன் அடித்தது. கீழேயிருந்து ஒரு மலாய்க்காரப் பெண் பேசினார். பாதி மலாய், பாதி ஆங்கிலம். எனக்குப் புரிந்த வரையில் அவர் சொன்னது இதுதான்: “உங்கள் சிஸ்டர் சாப்பாடு கொண்டுவந்தார். ரொம்ப நல்லவர். எங்களுக்கும் முறுக்கு கொடுத்தார். சூடாக இருக்கிறது, சீக்கிரம் சாப்பிடச் சொன்னார்.”

எனக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அந்த ‘சிஸ்டர்’ வரைக்கும் வரும். எனக்கு அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது.

உடனே அவரை வீடியோவில் கூப்பிட்டேன். தலையில் வலை மாட்டி, பின்னால் கை கையாகத் தொங்கிக்கொண்டு போகிற கையுறைகள் தெரிய, ஆலைக்குள் நின்றிருந்தார்.

“என்ன மாரி, சாப்பாடு வந்துச்சா?”

“வந்துச்சு. சூடா இருக்கு. எத்தனை மணிக்கு வச்சீங்க?”

“காலையில.”

“காலையில வச்சது இப்ப ஆவி பறக்குது. ஆச்சரியமா இருக்குங்க.”

முகம் செத்துப்போயிற்று மனுஷருக்கு. “அது… வீட்டுக்கார அக்கா கொஞ்சம் ஒத்தாசை பண்ணாங்க. மெஷின் சத்தம், ஒண்ணும் கேக்கல. சாயங்காலம் பேசுறேன்.”

படம் போய்விட்டது. வீட்டுக்கார அக்கா. அவர் மாடி அறையில் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரி. கமலா என்று பெயர். எப்போதாவது, ‘கமலா அக்கா ரொம்ப நல்ல மாதிரி’ என்று சொல்லியிருக்கிறார். வயசானவர் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒத்தாசை செய்கிறவளுக்கு என் வெங்காயம் எப்படித் தெரியும்?

அன்றைக்குச் சாப்பாட்டை முருகனுக்குக் காட்டவில்லை. யார் கை என்று தெரியாததை அவனுக்கு எப்படிக் காட்டுவது? நானும் சாப்பிடவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது உளுந்தங்களி. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதனால் இன்னும் வயிறு எரிந்தது.

மீதி நாட்களை அந்த அறையில் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். சாப்பாடு வர வர, அவள் எப்படி இருப்பாள் என்று ஒரு உருவம் என் மனசில் வளர்ந்துகொண்டே போனது. சிவப்பாக, நீளமான பின்னலோடு, மெல்லிய விரல்களோடு. அந்த விரல்களால் என் வெங்காயத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவர் கூப்பிட்டபோதெல்லாம், “நேர்ல பேசிக்கலாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். நிலைமை புரிந்து அவரும் கெஞ்சவில்லை. கெஞ்சாததற்கும் சேர்த்துக் கோபம்.

விடுதலையான நாளில் கையிலிருந்த பட்டையைக் கத்தரித்துவிட்டு வெளியே அனுப்பினார்கள். வாசலில் நின்றிருந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. காதோரம் எல்லாம் நரை. போனில் பார்த்தபோது அந்த நரை எனக்குத் தெரியவே இல்லை. அதைத்தான் கேட்க நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

“கிள்ளானுக்குப் போவோம்.”

“மொதல்ல பிரிக்பீல்ட்ஸ்ல கோயிலுக்குப் போயிட்டு, சாப்பிட்டுட்டுப் போலாமே. நீ விரதம் விடணும்ல?”

கோயில் என்றதால் ஒத்துக்கொண்டேன். பிரிக்பீல்ட்ஸ் தெருவில் கால் வைத்ததும் மதுரைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. மல்லிகைப்பூ, ஊதுவத்தி, பட்டுப்புடவை, தலைக்கு மேலே மட்டும் ரயில் ஓடுகிறது. பூக்கார அம்மாள் இவரைப் பார்த்ததும், “என்னா பொஸ், அண்ணி வந்துட்டாங்களா? இந்தாங்க அண்ணி, இது காசு வேணாம்” என்று ஒரு முழம் கொடுத்தார். ஊரில் எனக்கு ஓசியில் பூ கொடுத்த பூக்காரி ஒருத்தி கிடையாது. வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். இவரை இந்தத் தெருவே இப்படித் தெரிந்துவைத்திருக்கிறதே என்று அதற்கும் ஒரு பொறாமை.

முருகன் சந்நிதியில் ஆளுக்கு ஒரு கட்டம் போட்டு நிற்கவைத்திருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் இடைவெளி. “இந்த இடைவெளியை நீயே போட்டியா?” என்று கேட்டேன். அவன் அலங்காரத்தில் ஜோராக இருந்தான். 

பிறகு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. பரிமாறுகிறவர் கேட்டார்: “அண்ணே, வழக்கம் போல பாவக்கா வறுவல் ரெண்டு வாட்டியா?”

பாகற்காயா! ஊரில் நான் எத்தனை விதமாகச் செய்து போட்டும் இலையின் ஓரத்துக்குத் தள்ளுகிற மனுஷர், இங்கே வழக்கமாக இரண்டு தடவை வாங்கித் தின்கிறார். நான் அவரையே பார்த்தேன்.

“இங்க நல்லா மொறுமொறுன்னு பொரிப்பாங்க மாரி.”

“ஆமா. எல்லாரும் இங்க எல்லாமே நல்லாத்தான் செய்வாங்க.”

கிள்ளானுக்கு ரயில். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறவர், நான் பேசாமல் வந்த பதற்றத்தில், வேறு பிளாட்பாரத்து ரயிலில் ஏற்றிவிட்டார். எது எந்த ரயில் என்று எனக்கென்ன தெரியும்? பெண்களுக்கென்று தனிப்பெட்டி இருந்தது. நான் அதில் ஏறி, “நீங்க அங்க உக்காருங்க” என்று அவரை அடுத்த பெட்டிக்கு அனுப்பிவிட்டேன். எதிரில் முக்காடு போட்ட இரண்டு மலாய்ப் பெண்கள் ஒரே போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் புருஷன்மார் எல்லாம் யார் சமைத்ததைச் சாப்பிடுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் பெட்டிகளுக்கு நடுவில் உள்ள கதவருகே நின்று கையை ஆட்டினார். உள்ளே வரமுடியாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடிவந்து, “மாரி, எறங்கு, எறங்கு! இது கிள்ளான் போகாது!” என்று கத்தினார். செர்டாங்கில் நின்றிருந்தோம். பக்கத்திலிருந்த ஒரு தமிழ்ப் பெரியவர், “கிள்ளானா? அதுக்கு இங்க ஏன் வந்தீங்க தம்பி? இது ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம்லா. திரும்பிப் போங்க” என்றார், இந்த ஊர்க்காரர்கள் வார்த்தைக்கு வார்த்தை ஒட்டுகிற அந்த ‘லா’வோடு.

“வேணும்னே சுத்துறீங்களா?” என்று கேட்டேன். “அவங்க முகத்தை நான் பாக்கக் கூடாதா?”

“அட முருகா! யாரு முகத்தை?”

நான் எதிர்ப் பிளாட்பாரத்துக்கு முன்னால் நடந்தேன். திரும்பி வந்து, சரியான ரயில் பிடித்து, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் எல்லாம் தாண்டிப் போனோம். இந்தத் தடவை அவரும் நானும் ஒரே பெட்டி. நான் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

கிள்ளானில் வரிசை வீடுகள். இவர்கள் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், ஒரு துளசிச் செடி, ஓட்டாமல் நிற்கிற ஒரு லாரி. கதவைத் திறந்தது என் மனசில் வளர்ந்தவள் இல்லை. எனக்குப் பத்து வயசாவது மூத்தவர். பூப்போட்ட தொளதொள கவுன், கொண்டை, தோளில் ஒரு கைத்துண்டு. கதவு அளவுக்கு இருந்தார்.

“வாங்க தங்கச்சி, வாங்க! ஏன் இவ்ளோ லேட்டு? தம்பி தப்பு ட்ரெயின் ஏத்திட்டாரா? அலமாக்! எத்தனை வருஷமா இங்க இருக்காரு, இன்னும் பிளாட்பாரம் தெரியலலா!” என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். “கொரல் அப்படியே போன்ல கேட்ட கொரல்தான். ஆளுதான் இவ்ளோ ஒல்லியா இருப்பீங்கன்னு நெனைக்கல. திட்டுற திட்டுக்கு நல்லா ஒசரமா இருப்பீங்கன்னு நெனைச்சேன்.”

“போன்ல கேட்டீங்களா? எப்ப?”

“தெனமும்தான்! பின்ன?”

என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். அடுப்புக்கு மேலே ஒரு பலகை. அதில் சீனி டின். “தம்பி போனை இதுமேல சாச்சு வைப்பாரு. ஸ்பீக்கர் போட்டு. நீங்க சொல்லுவீங்க, அவரு ம் ம்னுவாரு, நான் கிண்டுவேன். ‘புளியை அப்படியா கரைக்கிறது? உங்க கையில வெளங்குமா?’ன்னு திட்டுவீங்க பாருங்க. கரைச்சிட்டு நின்னது நான். அந்தத் திட்டெல்லாம் எனக்குத்தான்லா விழுந்துச்சு!”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தார். தலை வெளியே வரவில்லை.

கதையை கமலா அக்காதான் சொன்னார். அவர் கணவர் லாரி ஓட்டுகிறவர். எல்லாம் மூடியதும் லாரி நின்றுபோனது. அந்த நேரத்தில் ஊரிலிருந்து வந்து ஹோட்டல்களில் அடைபட்டவர்கள், நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா என்று தவித்தார்கள். நெத்திலியைப் பார்த்து அழுதது நான் மட்டும் இல்லை போல. சமைத்துக் கொடுத்தால் பிழைப்பாகும். ஆனால் கமலா அக்காவுக்குத் தெரிந்தது இந்த ஊர்ச் சமையல். “நான் வச்ச ரசத்தைக் குடிச்சிட்டு ஒருத்தர் போன் பண்ணி, இது என்னா சூப்புங்கிறாரு!” என்றார். அப்போது எங்கள் வீட்டுக்காரர், “எங்க வீட்ல கேட்டுச் சொல்றேன் அக்கா” என்றிருக்கிறார்.

“ஏங்க, இதை எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?”

குளிர்பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது. “மொத நாளே சொல்லலாம்னுதான் இருந்தேன். நான் சமைக்கிறேன்னு நெனைச்சு நீ அப்படி சந்தோஷப்பட்ட மாரி. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னு வேற சொன்ன. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அந்தப் போனில் நான் புளியும் மல்லியும் மட்டுமா பேசினேன்? மாமியாரைப் பற்றிப் பேசினேன். ஓர்ப்படியைப் பற்றிப் பேசினேன். ரசம் கொதிக்கிற நேரத்தில், கட்டிலில் பாதி இடம் சும்மாவே கிடக்கிறது என்று ஒரு நாள் விசும்பியிருக்கிறேன். அவர் ஒருத்தர் காதுக்கென்று சொன்னது.

“எல்லாத்தையும் கேட்டீங்களா அக்கா?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

கமலா அக்கா கைத்துண்டால் அடுப்பு மேடையைத் துடைத்தார். “அந்த மாதிரிப் பேச்சு வந்தா, அடுப்பைக் கொறைச்சிட்டு வெளிய போயிடுவேன் தங்கச்சி. ஸ்பீக்கரையும் தம்பி நிப்பாட்டிடுவாரு.” துண்டை மறுபடி தோளில் போட்டார். “சில நேரம் நிப்பாட்ட லேட்டாயிடும்லா.”

எனக்கு ஓடிப்போய் விமானத்தில் ஏற வேண்டும் போல இருந்தது. தை வரைக்கும் எதற்கு? நாளைக்கே போய்விடலாம்.

“என்மேல கோவமா இருக்கீங்க. இருங்க, தப்பில்ல,” என்றார் அவர். “எனக்கும்தான் வயிறு எரியும். அங்க பாருங்க எங்க வீட்டுக்காரரை.” முன்னறையில் ஒருவர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததற்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். “கட்டி முப்பது வருஷமாச்சு. உப்புன்னு கேப்பாரு. தண்ணின்னு கேப்பாரு. உங்க ரெண்டு பேரையும் போல பேசினதே இல்ல. கடல் தாண்டி இருந்துட்டு, புளியைப் பத்தி அவ்ளோ நேரம் பேசுவீங்க! நான் உங்க சமையலைத்தான் எடுத்தேன். புருஷனெல்லாம் வேணாம்லா தங்கச்சி, இருக்கிற ஒண்ணே போதும்!”

சிரித்துவிட்டேன். சிரிக்கக்கூடாது என்று இருந்தேன், வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு வந்ததால் பொறாமை போய்விடும் என்று நினைக்காதீர்கள். அது அங்கேயேதான் இருந்தது, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்து, “இன்னைக்கு ரசம் நான் வைக்கிறேன்” என்றேன். கமலா அக்கா, “நான் ஏற்கனவே புளி ஊற வச்சிட்டேனே. ஆர்டருக்கு வேணும்” என்றார். ஹோட்டலில் அடைபட்ட யாரோ ஒருத்திக்கு. கடைசியில் அடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு சட்டி. அவர் ஒன்று, நான் ஒன்று. அவர் பாதியில் கரண்டியால் உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். நான் பார்க்க மாட்டேன். சாமிக்குக் காட்டுவதற்கு முன் ருசி பார்த்துப் பழக்கமில்லை. “போன்ல நீங்க இதைச் சொல்லவே இல்லையே?” என்றார். “அதைச் சொல்லணும்னு தோணலக்கா” என்றேன். எனக்கென்று ஒன்றாவது மிஞ்சியதே என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி.

நாலு பேரும் உட்கார்ந்தோம். இரண்டு ரசமும் மேசைமேல் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் கைக்கு வந்ததை எடுத்துச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடினார்.

“மாரி! நீ வந்ததும்தான் ரசத்துக்கே உசுரு வந்திருக்கு. என்ன இருந்தாலும் உன் கை உன் கைதான்.”

எனக்குக் காது வரைக்கும் குளிர்ந்தது. ஒரு நொடிதான்.

முன்னறைக்காரர், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். “அது கமலா வச்சது.”

எங்கள் வீட்டுக்காரர் இரண்டு சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எப்படிச் சொல்றீங்க?” என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். “ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?”

“ஒரே மாதிரியா? வாசத்துலயே தெரியுமே. தள்ளி வை, அது எனக்கு” என்று அந்தச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, “உப்பு” என்றார்.

கமலா அக்கா உப்பை எடுக்க எழுந்தார். எடுத்துக்கொண்டு உடனே திரும்பவில்லை. அலமாரிப் பக்கம் பார்த்து நின்றுகொண்டு, தோளிலிருந்த கைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். அது வேர்வை இல்லை என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக உப்பு, தண்ணி என்று மட்டும் கேட்ட மனுஷனுக்கு அவர் கை தெரிந்திருக்கிறது. என் மனுஷனுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் என் குரலைக் கேட்டு, இன்னொருத்தி கையால் சாப்பிட்டு, எது யார் கை என்று நாக்குக்கு மறந்துபோயிருக்கிறது.

அந்தச் சென்னை அம்மாளின் பத்து வருஷ விசாவும் சொந்த வீடும் ‘அது கமலா வச்சது’ என்கிற அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அன்றைக்குப் பட்ட மாதிரி ஒரு பொறாமையை நான் வாழ்நாளில் பட்டதில்லை.

எங்கள் வீட்டுக்காரர் என் சட்டியிலிருந்து ஊற்றிக் குடித்துவிட்டு, “இதுவும் நல்லா இருக்கு” என்றார் பாவமாக.

கையைக் கழுவிவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். “தைக்கு நான் போகல. பாஸ் எதுவரைக்கும் இருக்கோ, அதுவரைக்கும் இங்கதான்.”

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “நெசமாவா? என்மேல இம்புட்டுப் பாசமா மாரி?” என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஓர்ப்படியிடம் எப்படிக் கெஞ்சுவது, மாமியாரை எப்படிச் சமாதானம் செய்வது என்பதெல்லாம் தனிக் கவலை.

மாடியில் அவர் அறையின் மூலையில் முருகன் படத்தை வைத்து, இந்த ஊரில் முதல் தடவையாக விளக்கேற்றினேன். பழனிக்கு நடக்க முடியாமல் போவதற்கு மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் மலையேறி உன்னைப் பார்க்கலாமாம், அந்த நடையை இதில் கழித்துக்கொள் என்றேன். அவனிடம் பொய் சொல்ல முடியாது. அதனால் பொறாமையைக் குறைத்துவிடு என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தாலும், “இது மாரி வச்சது” என்று அந்த மனுஷன் சொல்கிறவரைக்கும் எனக்கு இந்த ஊரில் இடம் கொடு என்று மட்டும் கேட்டேன்.